தறிக்கூடம் விலைக்கு வந்தால்

சங்கரன்கோவிலில் ‘பிரைவேட் லிமிடெட்’ என்று பலகை மாட்டிய தொழில்களைத் தேடினால் சொற்பமாகத்தான் கிடைக்கும். இங்கே தொழில் என்றால் எட்டுத் தறியோ பன்னிரண்டு தறியோ ஓடும் கூடம், பூ கமிஷன் கடை, பிரியாணிக் கடை, நூல் கடை. பெரும்பாலானவை அண்ணாச்சி ஒருவர் பெயரில் இருக்கும். அவருக்கு வயதாகிறது. பையன் சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கிறான், அல்லது மத்தளம்பாறை ஸோஹோவில் வேலை பார்க்கிறான். தறிச் சத்தத்துக்குத் திரும்பி வரும் எண்ணம் அவனுக்கு இல்லை. கூடம் விலைக்கு வருகிறது.

இது இங்கு மட்டும் நடப்பதல்ல. அமெரிக்காவில் மேலாண்மை படித்த இளைஞர்கள் முதலீட்டாளர்களிடம் பணம் திரட்டி, ஓய்வு பெறப்போகும் முதலாளியின் சிறு நிறுவனத்தை வாங்கி நடத்துவதை 1980களிலிருந்தே ஒரு வழியாக வைத்திருக்கிறார்கள். புதிதாகத் தொடங்குவதைவிட ஓடிக்கொண்டிருப்பதை வாங்குவது மேல் என்பது அவர்கள் கணக்கு. கணக்கு சரிதான், ஆனால் காலம் நிலையாக இருந்தால்.

நம் காலம் அப்படி இல்லை. 2016 நவம்பர் 8 பணமதிப்பிழப்பு, 2017 ஜூலை 1 ஜிஎஸ்டி, 2020 மார்ச் 25 ஊரடங்கு. இந்தத் தேதிகள் என்ன செய்தன என்று தறிக்காரர் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2022இல் பஞ்சு விலை ஏறியது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. சங்கரன்கோவில் சேலை கப்பல் ஏறுவதில்லையே, நமக்கென்ன என்று இருக்க முடியாது. திருப்பூரில் ஆர்டர் நின்றால் நூல் விலை ஆடும், வங்கிக்காரர் முகமும் மாறும்.

இந்த அலைகளில் மூழ்கிய கூடங்களில் பல லாபம் இல்லாமல் மூழ்கியவை அல்ல. புத்தகத்தில் லாபம் இருந்தது, வெள்ளிக்கிழமை கூலி கொடுக்கக் கையில் காசு இல்லை. அதனால் வாங்கப் போகிறவர் “என்ன விலை?” என்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, “தறி நின்றால் எத்தனை மாதம் தாங்கும்?” கீழே வருவதெல்லாம் அந்த ஒரு கேள்வியிலிருந்து கிளைத்தவை.

வாங்கும் முன் செய்ய வேண்டியவை

விற்பதற்கான காரணத்தை இரண்டு பேரிடம் கேளுங்கள். “ஏன் அண்ணாச்சி விக்குதிய?” என்றால், “எனக்கும் முடியல தம்பி, பையனும் வரமாட்டேங்கான்” என்பார். உண்மையாகவே இருக்கலாம். அதே கேள்வியை அவருக்கு நூல் கொடுப்பவரிடமும் போட்டுப் பாருங்கள். அவர் சட்டென்று பதில் சொல்லாமல் டீ வாங்கிக் கொடுத்தால் பாக்கி நிறைய இருக்கிறது என்று பொருள்.

கரண்ட் பில்லைப் படியுங்கள். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். விற்பவர் காட்டும் நோட்டு அவர் எழுதியது, மின்வாரிய மீட்டர் அவர் எழுதியதல்ல. எட்டுத் தறியும் நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடுகிறது என்கிறாரா? இரண்டு மாதத்துக்கு வேலைநாள் ஐம்பது என்று வைத்தால் மொத்தம் 4,000 தறி மணி நேரம். ஒரு எச்பி மோட்டார் முழுச் சுமையில் மணிக்கு முக்கால் யூனிட் இழுக்கும். தறியில் அவ்வளவு ஆகாது, அரை யூனிட் என்றே வையுங்கள். 2,000 யூனிட்டாவது வர வேண்டும். பில்லில் 1,100 என்று இருந்தால் பாதித் தறி சும்மா நிற்கிறது, அல்லது பாதி நாள் நிற்கிறது. இரண்டு வருடத்துப் பில்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் எந்த மாதம் பாவு நூல் வரவில்லை, எப்போது ஆள் ஓடிப்போனார்கள் என்பதுகூடத் தெரிந்துவிடும். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 750 யூனிட்டாக இருந்த இலவச மின்சாரம் 2023 மார்ச்சில் 1,000 யூனிட் ஆனது. அந்தச் சலுகை கழிந்த தொகையை மட்டும் பார்த்தால் ஏமாந்து போவீர்கள். பார்க்க வேண்டியது யூனிட். ஒரே கூடத்துக்குள் இரண்டு மூன்று பெயரில் மீட்டர் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். மீட்டருக்கு மீட்டர் வாங்கிய இலவசம் நாளை உங்களுக்கு இல்லாமல் போகலாம்.

கூலித் தறியா, சொந்த நூலா என்று பிரித்துப் பாருங்கள். மாஸ்டர் வீவர், அதாவது வேலை கொடுக்கும் வியாபாரி, பாவு நூலும் ஊடை நூலும் கொடுத்து, நெய்த சேலைக்குக் கூலி மட்டும் தருகிறார் என்றால் நூல் விலை ஏறுவதும் இறங்குவதும் அவர் தலைவலி. அவர் பாவு தராமல் நிறுத்துவதுதான் உங்கள் தலைவலி. சொந்த நூல் போட்டு நெய்கிற கூடத்தில் லாபம் கூடுதல், ஆபத்தும் கூடுதல். 2022 மே மாதம் 356 கிலோ கொண்ட ஒரு கண்டி பஞ்சு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. இன்னும் ஏறும் என்று நூலை வாங்கி அடுக்கியவர்கள், அடுத்த ஆண்டு தொடக்கத்தில் கண்டி அறுபதாயிரச் சொச்சத்துக்கு வந்தபோது விலை அதிகமான சேலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். 2022இல் நல்ல லாபம் காட்டிய கூடம் உங்களிடம் வந்தால், லாபம் நெய்ததில் வந்ததா, நூல் விலை ஏறியதில் வந்ததா என்று பிரித்துக் கேளுங்கள். நூல் விலையில் வந்த லாபத்துக்கு நீங்கள் விலை கொடுக்க வேண்டியதில்லை.

வீட்டார் உழைப்புக்குக் கூலி போட்டுப் பாருங்கள். அண்ணாச்சி சம்பளம் எடுத்திருக்க மாட்டார். தாரில் நூல் சுற்றியது அவர் வீட்டம்மா. கணக்கு எழுதியது மகள். இந்த மூன்று வேலைக்கும் ஆள் வைத்தால் மாதம் என்ன ஆகும் என்று கழித்த பிறகு மிஞ்சுவதுதான் நீங்கள் வாங்கும் லாபம். பல கூடங்களில் இந்த இடத்திலேயே பேரம் முடிந்துவிடும். அப்படி மிஞ்சும் ஆண்டு லாபத்தின் மூன்றாண்டுச் சராசரியைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் கொடுக்க எனக்கு மனம் வராது. இடமும் கட்டடமும் தனி விலை.

வேலைநாளை நீங்களே எண்ணுங்கள். ஆடித்தபசுக்கு ஊரே கோயில் வாசலில் நிற்கும், பொங்கலுக்கு ஒரு வாரம் ஆள் வராது, மாதாந்திரப் பராமரிப்பு என்று மின்தடை வரும். வருடத்துக்கு 300 நாள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

வில்லங்கச் சான்றிதழ் எடுங்கள். தறிகள் வங்கிக் கடனில் வாங்கியவையா என்றும் பாருங்கள். அப்படியானால் கடன் தீரும் வரை அவை வங்கியிடம் அடமானம். விற்பவர் வாய்மொழி அங்கே செல்லாது.

கூலி ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று கேளுங்கள். கூலி உயர்வுக்காகத் தறி நிறுத்துவது இந்த வட்டாரத்தில் புதிதல்ல. நீங்கள் சாவி வாங்கிய அடுத்த வாரம் வேலைநிறுத்தம் தொடங்கினால் அதற்கு விற்றவர் பொறுப்பாக மாட்டார்.

வாங்கும்போது செய்யக்கூடாதவை

பழைய பாக்கி பழைய முதலாளியோடு போய்விடும் என்று நினைக்காதீர்கள். தொழிலை அப்படியே கைமாற்றினால், மாற்றிய நாள் வரையிலான ஜிஎஸ்டி பாக்கிக்கு விற்றவரும் வாங்கியவரும் சேர்ந்தே பொறுப்பு. பிஎஃப், இஎஸ்ஐ பாக்கியும் வாங்கியவரைத் தேடி வரும். அது பிரைவேட் லிமிடெட்டாக இருந்து அதன் பங்குகளை வாங்கினால் இன்னும் மோசம். நிறுவனத்தின் கடன், வழக்கு, அபராதம் எதுவும் இடம் மாறுவதில்லை. முதலாளி பெயர் மட்டும்தான் மாறுகிறது. அதனால் சிறிய இடங்களில் நிறுவனத்தை விட்டுவிட்டு தறி, இடம், சரக்கு, பெயர் என்று பொருள்பொருளாக வாங்குவதே நல்லது என்பது என் கட்சி. வழி எதுவானாலும் ஆடிட்டர் கட்டணத்தில் கஞ்சத்தனம் கூடாது.

பெரிய இடத்திலும் இதே கதைதான். கணக்கு மோசடியில் சிக்கித் தள்ளாடிய சிஜி பவர் நிறுவனத்தை 2020இல், கொரோனா நடுவே, முருகப்பா குழுமத்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் வாங்கியது. சும்மா பணத்தைப் போட்டு உள்ளே நுழையவில்லை. வங்கிகள் தங்களுக்கு வர வேண்டியதில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்துக் கடனைத் தீர்த்துக்கொள்ளும் ஏற்பாடும் கையோடு நடந்தது. அதே குழுமத்துக்கு 1981இல் நஷ்டத்தில் இருந்த ஈஐடி பாரியை வாங்கிய அனுபவம் அதற்கு முன்பே இருந்தது. எட்டுத் தறிக்காரர் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, கடன் தீர்வதற்கான தாள் கைக்கு வரும் முன் பணம் போகக்கூடாது என்பது மட்டுமே. அவர்களைப் போல வங்கியைத் தள்ளுபடிக்கு இழுக்கும் பலம் நமக்கு இல்லை.

முழுப் பணத்தையும் ஒரே நாளில் கொடுக்காதீர்கள். பாதிக்குச் சற்று மேல் பத்திர நாளில், மீதி ஒரு வருடத்தில் மூன்று தவணையாக என்று பேசுங்கள். ஒளிந்திருந்த பாக்கி வெளியே வந்தால் அதில் கழித்துக்கொள்ளலாம். இன்னொரு லாபமும் உண்டு. மீதிப் பணம் வர வேண்டியிருக்கும் வரை அண்ணாச்சி போனை எடுப்பார், உங்களோடு ஈரோட்டுக்கும் மதுரைக்கும் வந்து வியாபாரிகளிடம் “இனிமே தம்பிதான்” என்று சொல்லிவிட்டு வருவார். அந்த ஒரு வார்த்தை பழைய தறிகளைவிட விலை உயர்ந்தது.

ரொக்கத்தில் முடிக்காதீர்கள். இரண்டு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குபவருக்கு வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் போட வருமான வரிச் சட்டத்தில் இடம் இருக்கிறது. கொடுத்த உங்களுக்கோ, கொடுத்ததற்கு ஆதாரமே இருக்காது.

விற்றவர் பக்கத்துத் தெருவிலேயே புதுக் கூடம் போட இடம் வைக்காதீர்கள். வேலையை விட்டுப் போன ஆளை இன்னொரு இடத்தில் வேலை செய்யாதே என்று கட்டிப்போட நம் ஒப்பந்தச் சட்டம் விடாது. ஆனால் தொழிலை நற்பெயரோடு சேர்த்து விற்றவரை, இன்ன எல்லைக்குள் இதே தொழிலைச் செய்யக்கூடாது என்று நியாயமான அளவில் கட்டுப்படுத்தலாம். உடன்படிக்கையில் ஊரையும் ஆண்டையும் குறித்து எழுதுங்கள்.

ஜிஎஸ்டி எண் கூடவே வரும் என்று நினைக்காதீர்கள். தனிநபர் தொழிலில் அது பான் எண்ணோடு ஒட்டியது. நீங்கள் புதிதாகப் பதிய வேண்டும். தொழிலை அப்படியே கைமாற்றினால், அவர் கணக்கில் மிச்சமிருக்கும் உள்ளீட்டு வரியை உங்கள் கணக்குக்கு மாற்றத் தனிப் படிவம் உண்டு.

மானியத்தை நம்பி விலை பேசாதீர்கள். பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தின் மானியம் புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கு. ஓடிக்கொண்டிருக்கும் பழைய கூடத்தை வாங்குவதற்கு அல்ல. தென்காசி மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிய பிறகு கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

தறியாளர்களுக்குக் கொடுத்த முன்பணத்தைச் சொத்தாக எண்ணி விலை கொடுக்காதீர்கள். ஆளுக்கு முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று நோட்டில் இருக்கும். அது திரும்பி வருகிற பணம் அல்ல. அந்தப் பாக்கியைக் காட்டி ஆளைப் பிடித்து வைப்பது தொழிலும் அல்ல, சட்டமும் அதை ஒப்பாது.

நடத்தும்போது

முதல் மூன்று மாதம் எதையும் மாற்றாமல் பாருங்கள். புது முதலாளி வந்ததும் சுண்ணாம்பு அடித்து, பெயர் மாற்றி, பழைய மேஸ்திரியை அனுப்பிவிட்டு மச்சானைக் கொண்டு வருவது நம் ஊர் வழக்கம். மச்சானுக்கு எந்தத் தறியில் நாடா தட்டும், எந்த பீம் இழுக்கும் என்று தெரியாது. மேஸ்திரிக்குத் தெரியும்.

ஆறு மாதச் செலவைத் தனிக் கணக்கில் வையுங்கள். வாடகை, வங்கித் தவணை, மின்சாரத்தின் நிலைக் கட்டணம், இரண்டு முக்கியத் தறியாளருக்குப் பாதிக் கூலி. தறி ஓடாவிட்டாலும் போகும் பணம் இது. மாதம் நாற்பதாயிரம் என்றால் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம். இந்தப் பணம் இல்லையென்றால் எட்டுத் தறிக் கூடம் வேண்டாம், நாலு தறிக் கூடமாகப் பாருங்கள். 2020இல் ஊரடங்கு அறிவித்தது மார்ச் 24 இரவு. மறுநாள் முதல் தறி நின்றது. பழைய கடன் பாக்கியில் 20 சதவீதம் வரை அரசு உத்தரவாதத்தோடு அவசரக் கடன் என்ற அறிவிப்பு மே மாதம்தான் வந்தது. அதுவும் ஏற்கெனவே வங்கிக் கடன் வைத்திருந்தவர்களுக்கு. நடுவில் இருந்த வாரங்களைக் கைக்காசுதான் கடக்க வைத்தது.

வட்டி ஏறும் என்று வைத்தே தவணை போடுங்கள். 2022 ஏப்ரலில் 4 சதவீதமாக இருந்த ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி, 2023 பிப்ரவரிக்குள் 6.5 ஆனது. 20 லட்சம் கடன் வைத்திருந்தவருக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய ஐம்பதாயிரம் கூடுதல் வட்டி. பின்னர் 2025இல் இறங்கியது என்பது வேறு விஷயம்.

வீட்டுப் பத்திரத்தைக் கொண்டுபோய் வைக்கும் முன், சிறுதொழில் கடன் உத்தரவாத நிதியத்தின் கீழ் பிணையில்லாக் கடன் கேளுங்கள். 2025 ஏப்ரலிலிருந்து அதன் உச்சவரம்பு 10 கோடி ரூபாய். கிளை மேலாளர் “பத்திரம் இருந்தா சுலபம் சார்” என்பார். அவருக்குச் சுலபம்.

பாதிக்கு மேல் ஒரே வியாபாரிக்கு விற்காதீர்கள். விற்றால் கூடம் உங்களுடையது, முடிவு அவருடையது.

கூடத்தை வாங்கிய வாரமே சிறுதொழிலுக்கான உத்யம் பதிவைச் செய்யுங்கள், ஆனால் அதைப் பெரிதாக நம்பாதீர்கள். குறு, சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி என்று 2006ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. 2024 ஏப்ரல் முதல், காலத்தில் கொடுக்காத தொகையைச் சரக்கு வாங்கியவர் அந்த ஆண்டுச் செலவாகக் கழித்துக்கொள்ளவும் முடியாது. இணையத்திலேயே புகாரும் செய்யலாம். ஆனால் தீபாவளிக்கு ஆயிரம் சேலை எடுக்கும் வியாபாரிமேல் புகார் போட்டுவிட்டு, பொங்கலுக்கு அவரிடமே ஆர்டர் கேட்டுப் போக எத்தனை பேரால் முடியும்? சட்டம் பேச்சுக்குப் பக்கபலம். அதற்கும் மேல் பலன் வேண்டுமென்றால், கடன் கொடுக்கும் முன்பே அவருக்கு ஓர் எல்லை வையுங்கள். பழைய பில்லில் பாதி வராமல் புதிய மூட்டை போகக்கூடாது.

பழைய கடனை அடைக்க மீட்டர் வட்டிக்குப் போகாதீர்கள். கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. இருந்தும் 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வாசலில் ஒரு குடும்பமே தீக்குளித்தது. இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

தவணை தவறும் முன் வங்கிக்குப் போங்கள், தவறிய பின் அல்ல. 90 நாள் தாண்டினால் வாராக்கடன். அதற்கு முன்பே 30, 60 நாள் என்று படிப்படியாகக் கணக்கைக் குறித்துவைப்பார்கள். சிக்கலில் இருக்கும் சிறுதொழிலைச் சீர்படுத்த 2016இல் வந்த ஏற்பாட்டின்படி, கடன் வாங்கியவரே முன்வந்து மறுசீரமைப்பு கேட்கலாம். போகும்போது வெறுங்கையோடு போகாமல், அடுத்த ஆறு மாத வரவு செலவை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கிளை மேலாளர் அதைத்தான் மேலிடத்துக்கு அனுப்பப் போகிறார்.

தீக் காப்பீட்டில் சரக்கின் முழு மதிப்பையும் காட்டுங்கள். பாதி மதிப்புக்கு எடுத்தால் இழப்பீடும் அந்த விகிதத்தில்தான் வரும்.

தீபாவளி போனஸை அக்டோபரில் தேடாதீர்கள். சேலைக்கு இவ்வளவு என்று தை மாதத்திலிருந்தே ஒதுக்கி வையுங்கள்.

மூடுவது

இதைப் பற்றி வாங்கும்போதே பேசுவது அபசகுனம் என்று நினைப்பவர்கள் உண்டு. பேசியே ஆக வேண்டும். எத்தனை மாதம் தொடர்ந்து கையைக் கடித்தால் தறியை விற்பது என்று கூட்டாளியோடு உட்கார்ந்து எழுதி வையுங்கள். என் கணக்கில் அது ஆறு மாதம், அதாவது ஒதுக்கி வைத்த பணம் தீரும் நாள். அந்த நாளில் “இன்னும் ஒரு சீசன் பார்ப்போம்” என்று சொல்லி நகையை எடுக்காதீர்கள்.

மூடினால் ஒழுங்காக மூடுங்கள். ஷட்டரை இறக்கிவிட்டால் மூடியதாகாது. ஜிஎஸ்டி பதிவை ரத்து செய்து, மூன்று மாதத்துக்குள் கடைசிக் கணக்கைத் தாக்கல் செய்யுங்கள். மின் இணைப்பை எழுதிக் கொடுத்துத் துண்டித்து, கட்டியிருந்த வைப்புத்தொகையைத் திரும்பக் கேளுங்கள். இல்லையென்றால் ஓடாத தறிக்கும் நிலைக் கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும். ஆட்களின் பிஎஃப் கணக்கில் வேலையை விட்ட தேதியைப் பதிந்து கொடுங்கள். அது பதியாமல் போனால், பணம் எடுக்கப் போகிறவர் உங்களைத் தேடி அலைய நேரலாம்.